தொடுபலகையும் தமிழாசிரியரும்

(ஆசிரியப் பயிற்சி மாணவர் கூட்டத்தில் ஆற்றப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



தமிழ்நாட்டுப் பள்ளிகளில் புதிய கருவியொன்று வந்து அமர்ந்திருக்கிறது. சுவரில் மாட்டப்பெற்ற பெரிய கண்ணாடிப் பலகை அது. விரலால் தொட்டால் எழுதும், படம் காட்டும், ஒலி எழுப்பும், கேள்வி கேட்கும், விடை கூறினால் சரியா தவறா என்று தீர்ப்பும் சொல்லும். மக்கள் இதனைச் ‘சுமார்ட்டு போர்டு’ என்கின்றனர். அரசு ஏடுகள் ‘திறன்பலகை’ என்கின்றன. தொட்டு இயக்குவதால் தொடுபலகை என்பதும் பொருந்தும்.

2018ஆம் ஆண்டு வெளிவந்த புதிய பாடநூல்களிலேயே விரைவுக்குறிக் கட்டங்கள் அச்சிடப்பெற்றன. 2019ஆம் ஆண்டு கல்வித் தொலைக்காட்சி தொடங்கப்பெற்றது. 2023ஆம் ஆண்டு ‘மணற்கேணி’ என்னும் செயலி வந்தது. 2024ஆம் ஆண்டு முதல் அரசு தொடக்கப்பள்ளிகளில் 22,000-க்கு மேற்பட்ட திறன்மிகு வகுப்பறைகள் அமைக்கப்பெற்றுள்ளன. ஆகவே இக்கருவிகள் வேண்டுமா வேண்டாவா என்னும் சொற்போருக்கு இனி இடமில்லை. அவை வந்துவிட்டன.

இனி எழும் கேள்விகள் இரண்டு. இவற்றை இயக்குபவர் யார்? இவை எந்த மொழியில் பேசும்? இவ்விரண்டுக்கும் விடை கூறக்கூடியவர் கருவியைச் செய்து விற்கும் வணிகர் அல்லர்; அதனை வாங்கி அனுப்பும் அலுவலரும் அல்லர். நாள்தோறும் அதன்முன் நிற்கப்போகும் பயிற்சி ஆசிரியரே அவ்விடையைத் தரவேண்டியவர்.

மணலில் தொடங்கிய வரலாறு

விரலால் ஒரு பரப்பில் எழுதுவதும், எழுதியதை நொடியில் அழித்து மீண்டும் எழுதுவதும் தமிழர்க்குப் புதியன அல்ல. திண்ணைப் பள்ளியில் பிள்ளை மணல்மேல் விரலை ஊன்றி ‘அ’ எழுதியது. எழுதும்போதே வாய்விட்டு ஒலித்தது. பிழையாயின் உள்ளங்கையால் தடவி அழித்தது. விரலும் வாயும் செவியும் ஒரே வேளையில் ஒரே எழுத்தில் ஒன்றின. ஓலையும் எழுத்தாணியும் அதன் பின்னரே பிள்ளையின் கைக்கு வந்தன.

இம்மணலெழுத்து கடல்கடந்து சென்ற வரலாற்றைப் பயிற்சிக் கல்லூரி மாணவர் ஒவ்வொருவரும் அறிந்திருத்தல் வேண்டும். 1789ஆம் ஆண்டு சென்னை எழும்பூரில் பெற்றோரற்ற ஆண்பிள்ளைகளுக்கான விடுதியொன்று தொடங்கப்பெற்றது. அதன் கண்காணிப்பாளராக இருந்தவர் ஆண்ட்ரூ பெல் என்னும் காட்லாந்து நாட்டவர். இவர் இங்குள்ள உள்ளூர்ப் பள்ளியொன்றில் பிள்ளைகள் மணலில் விரலால் எழுதிக் கற்பதைக் கண்டார். அம்முறையைத் தம் விடுதியில் புகுத்த முனைந்தார். அங்கிருந்த ஆசிரியர்கள் இது நடவாது என்று மறுத்துவிட்டனர். பெல் சோர்ந்துவிடவில்லை. ஏறத்தாழ எட்டு அகவைச் சிறுவன் ஒருவனை அழைத்து, இளைய பிள்ளைகளுக்கு மணலெழுத்துக் கற்பிக்கும் பொறுப்பை அவனிடம் ஒப்படைத்தார். ஆசிரியர் நடவாது என்றதை அச்சிறுவன் நடத்திக் காட்டினான். மூத்த பிள்ளை இளைய பிள்ளைக்குக் கற்பிக்கும் சட்டாம்பிள்ளை முறையும் மணலெழுத்தும் சேர்ந்த இத்திட்டத்தைப் பெல் 1797ஆம் ஆண்டு இலண்டனில் நூலாக வெளியிட்டார். இங்கிலாந்தில் அது ‘சென்னை முறை’ என்றே பெயர்பெற்றுப் பரவியது. பெல் விட்டுச்சென்ற பொருளைக் கொண்டு 1833ஆம் ஆண்டு காட்லாந்தின் செயின்ட் ஆண்ட்ரூசு நகரில் நிறுவப்பெற்ற பள்ளி இன்றும் ‘மெட்ராசு கல்லூரி’ என்றே வழங்குகிறது.

இவ்வரலாற்றில் தமிழர்க்குப் பெருமையும் உண்டு; ஆசிரியர்க்கு எச்சரிக்கையும் உண்டு. கருவி எளிய மணல்தான். அதனை ஏளனமாகக் கண்டு ஒதுக்கியவர்கள் ஆசிரியர்களே. இன்று கருவி விலையுயர்ந்த கண்ணாடி. அதனை அச்சத்தோடு கண்டு ஒதுங்குபவரும் ஆசிரியராகவே இருப்பின், அவர் செய்யவேண்டிய பணியைச் செய்ய வேறு யாரேனும் முன்வருவர். எழும்பூரில் வந்தவன் எட்டு அகவைச் சிறுவன். இன்று வருபவை தமிழறியாத வணிக நிறுவனங்களாக இருக்கலாம்.

பெருமை பேசும்போது குறையையும் மறைத்தல் கூடாது. திண்ணைப் பள்ளியின் மணல் எல்லாப் பிள்ளைகளுக்கும் கிட்டவில்லை. பிறப்பின் பெயரால் பலர் வெளியே நிறுத்தப்பட்டனர். பெண்பிள்ளைகள் பெரும்பாலும் அங்குக் காலடி வைக்கவில்லை. இன்று அரசுப் பள்ளிச் சுவரில் நிற்கும் தொடுபலகையை ஊரின் எந்தப் பிள்ளையும் எழுந்துசென்று தொடலாம். அன்றைய மணலுக்கு இல்லாத இச்சிறப்பு இன்றைய கண்ணாடிக்கு உண்டு. அதனைப் பயன்கொள்ளாது விடுவது அப்பிள்ளைகளுக்குச் செய்யும் இரண்டகமாகும்.

பலகையின் உள்ளமைப்பு

கருவியின் இயல்பு தெரியாதவரைக் கருவி அச்சுறுத்தும். தொடுபலகை 1991ஆம் ஆண்டு கனடா நாட்டு நிறுவனம் ஒன்றால் முதன்முதல் விற்பனைக்கு வந்தது. தொடக்கத்தில் வந்தவை, படவீழ்த்தி ஒன்று ஒளியைப் பாய்ச்சும் வெண்பலகைகள். இவ்வகைப் பலகையில் வீழ்த்தி சற்றே அசைந்துவிட்டால், விரல் வைத்த இடம் ஒன்றும் எழுத்து விழும் இடம் வேறொன்றுமாகிவிடும். அவ்வேளை, திரையில் தோன்றும் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தொட்டு நேர்ப்படுத்தல் வேண்டும். இதனை அறியாத புதிய ஆசிரியர் பலகை பழுதுற்றதென்று எண்ணி மூடிவைத்து விடுகிறார்.

இப்போது மிகுதியாக வருபவை, தொலைக்காட்சி போன்ற தட்டைத் திரைகள். இவற்றுள் பலவற்றின் விளிம்புச் சட்டத்திலிருந்து கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர்கள் குறுக்கும் நெடுக்குமாகப் பாய்கின்றன. விரல் அக்கதிர்களை மறிக்கும் இடத்தைப் பொறி கணித்துக்கொள்கிறது. சட்டத்தின் ஓரத்தில் சுண்ணக்கட்டித் தூள் படிந்தாலும் கதிர் மறிக்கப்பட்டுப் பலகை தானே கிறுக்கத் தொடங்கும். உலர்ந்த மெல்லிய துணியால் விளிம்பைத் துடைத்தால் பெரும்பாலும் சரியாகிவிடும். கரும்பலகையும் தொடுபலகையும் அருகருகே இருக்கும் பள்ளிகளில் இது நாள்தோறும் நேரும் தொல்லை. இவ்வளவு தெரிந்தால் அச்சத்தில் பாதி தீரும். மீதிப் பாதி பழகப் பழகத் தீரும்.

பயிற்சி வகுப்பில் நேர்வன

கல்வியியல் பட்டப்படிப்பு 2015ஆம் ஆண்டு ஈராண்டுப் படிப்பாக மாற்றப்பட்டபோது, பள்ளியில் இருந்து பழகும் காலமும் 20 வாரமாக நீட்டிக்கப்பெற்றது. நல்ல மாற்றமே. ஆயினும் பயிற்சி ஆசிரியை ஒருத்தி அப்பள்ளிக்குள் முதன்முறை நுழையும்போது நிகழக்கூடியதை எண்ணிப் பாருங்கள். கல்லூரியில் அவள் கருவிபற்றிப் படித்ததெல்லாம் ஏட்டில் உள்ள விளக்கம். பள்ளியில் அவள்முன் நிற்பதோ உயிருள்ளது போன்ற பலகையும் நாற்பது பிள்ளைகளும்.

இந்நிலையில் அவள் மூன்று வகையில் இடறுவாள்.

முதல் இடறல், எங்கோ எவரோ எடுத்த படமொன்றைத் தேடி ஓடவிட்டு, தான் ஒதுங்கி நிற்பது. பிள்ளைகள் அமைதியாக இருப்பர். மேற்பார்க்க வந்தவர் வகுப்பு ஒழுங்காக நடக்கிறது என்று எழுதிவிட்டுச் செல்வர். ஆயின் அவ்வேளையில் தொடுபலகை தொலைக்காட்சியாகிவிட்டது. பிள்ளையின் கை, வாய், எண்ணம் ஆகிய மூன்றும் உறங்கின.

இரண்டாம் இடறல், பாடவேளை முழுதும் பலகையைத் தானே தொட்டுக்கொண்டிருப்பது. அவ்வாறாயின் பழகுபவள் ஆசிரியை மட்டுமே. பிள்ளைகள் பார்த்துக்கொண்டிருப்பர். ஊடாட்டம் என்பதற்கு, பிள்ளை ஒன்றைச் செய்யப் பலகை அதற்கு மறுமொழி தருதல் என்பது பொருள். விரல் பிள்ளையுடையதாக இருந்தாலன்றி அப்பெயர் பொருந்தாது.

பலகை ஒன்று, பிள்ளைகள் நாற்பது என்றால் எப்படி இயலும் என்று கேட்கலாம். வழி எளியது. பலகையில் வினா தோன்றியதும் எல்லாப் பிள்ளைகளும் தம் சிலேட்டில் விடையெழுதி உயர்த்திக் காட்டட்டும். ஆசிரியை வகுப்பு முழுவதையும் ஒரே நோக்கில் பார்த்துவிடலாம். பின்னர்ச் சரியாக எழுதிய ஒருவரையும் பிழையாக எழுதிய ஒருவரையும் பலகைக்கு அழைத்து, இருவர் விடையும் எவ்வாறு வந்தன என்று அவர்களையே சொல்லச் செய்யலாம். பழைய சிலேட்டும் புதிய பலகையும் சேர்ந்து நின்றால் நாற்பது பிள்ளைகளும் வேலை செய்வர். சட்டாம்பிள்ளை முறையின் நற்கூறும் இதில் அடங்கும்.

மூன்றாம் இடறலே மிகப் பெரியது. அது மொழியைப் பற்றியது. தனியே விரித்துரைக்கத் தக்கது.

விசைப்பலகையில் இலக்கணம்

‘பழம்’ என்னும் சொல்லைப் பலகையில் எழுதவேண்டும். பயிற்சி ஆசிரியை ஆங்கில எழுத்துகளைத் தட்டுகிறாள். ‘ப’வுக்கு இரண்டு எழுத்து, ‘ழ’வுக்கு இரண்டு எழுத்து. கீழே சொற்பட்டியல் ஒன்று தோன்றுகிறது. அதிலிருந்து ‘பழம்’ என்பதைத் தொட்டு எடுக்கிறாள். மூன்றாம் வகுப்புப் பிள்ளை ஒன்று எழுந்து, “அம்மா, ‘ழ’ எழுத இங்கிலீசு எழுத்து இரண்டு வேண்டுமா?” என்று கேட்குமாயின் என்ன விடை சொல்வது?

சிறப்பு ழகரம் தமிழின் அடையாளம் என்று மேடையில் முழங்கிவிட்டு, அதனை எழுத அயலெழுத்திடம் கையேந்தி நிற்பது நகைப்புக்கு உரியது. நகைப்போடு இது முடிவதும் இல்லை. சொல்லைப் பட்டியலிலிருந்து எடுக்கும் பிள்ளை எழுத்துக் கூட்டுவதில்லை. பொறி காட்டியதைத் தெரிந்தெடுக்கிறது. ந, ன, ண மூன்றும் ஒரே ஆங்கில எழுத்தின் நிழலாகிவிடுகின்றன. ல, ள வேறுபாடு எழுத்தின் உருவத்தைப் பெரிதாக்குவதோடு நின்றுவிடுகிறது. இவ்வாறு பத்து ஆண்டு பழகிய பிள்ளைக்குத் தமிழ், ஆங்கில எழுத்தின் வழியே மட்டும் எட்டக்கூடிய மொழியாகிவிடும்.

இதற்கு மாற்று ஏற்கெனவே உண்டு. 1999ஆம் ஆண்டு பிப்பிரவரித் திங்களில் சென்னையில் நடைபெற்ற தமிழ் இணைய மாநாட்டின் பயனாக ‘தமிழ்99’ விசைப்பலகை உருப்பெற்றது. அவ்வாண்டே தமிழ்நாட்டரசு அதனைத் தரமாக ஏற்றது. இவ்விசைப்பலகையின் அமைப்பே ஓர் இலக்கணப் பாடம். உயிரெழுத்துகள் இடக்கைப் புறம். மெய்கள் பெரும்பாலும் வலக்கைப் புறம். நடுவரிசையில் இடக்கை விரல்கள் இயல்பாக அமரும் இடத்தில் அ, இ, உ, எ ஆகிய குறில்கள் உள்ளன. அவற்றுக்கு மேல்வரிசையில் அதனதன் நெடில்களாகிய ஆ, ஈ, ஊ, ஏ அமைந்துள்ளன. வலக்கை நடுவரிசையில் க, ப, ம, த, ந, ய நிற்கின்றன.

தமிழின் எழுத்துகள் 247. உயிர் 12, மெய் 18, உயிர்மெய் 216, ஆய்தம் 1. அவ்வளவும் எழுத 31 விசைகள் போதும். ககரத்தை அழுத்தி இகரத்தை அழுத்தினால் ‘கி’ பிறக்கும். மெய்யும் உயிரும் புணர்ந்து உயிர்மெய் ஆவதைப் பிள்ளையின் இரு கைகளும் உணர்கின்றன. ‘அம்மா’ என எழுத அ, ம, ம, ஆ என்று நான்கு விசைகள் போதும். ஒரே மெய் இருமுறை வந்தால் முதலதற்குப் புள்ளி தானே அமையும். ஙகரத்தை அடுத்துக் ககரம் வந்தாலும், ஞகரத்தை அடுத்துச் சகரம் வந்தாலும், ணகரத்தை அடுத்து டகரம் வந்தாலும் அவ்வாறே. இன எழுத்துகள் இணைந்து வரும் என்று இலக்கண ஆசிரியர் கூறியதை விசைப்பலகை செய்து காட்டுகிறது. ‘தங்கம்’, ‘பஞ்சு’, ‘வண்டு’ என்று எழுதிப் பழகும் பிள்ளை, இன எழுத்தைத் தனியே நெட்டுருப் போட வேண்டுவதில்லை.

இவ்விசைப்பலகை எங்கே கிடைக்கும் என்று தேடி அலையவும் வேண்டா. விண்டோசு 10 இயங்குதளத்தில் 2019ஆம் ஆண்டு முதல் தமிழ்99 உள்ளேயே வருகிறது. அமைப்புப் பக்கத்தில் அதனைத் தெரிந்தெடுத்தால் போதும். ஆண்டிராய்டு இயங்குதளத்தின் கட்டளைச் சொற்களையும் தமிழுக்கு மாற்றிக்கொள்ளலாம். மாற்றியபின் பலகை ‘திற’, ‘மூடு’, ‘சேமி’, ‘அழி’ என்று தமிழில் பேசும். பிள்ளை அக்கட்டளைகளைப் படித்து இயக்கும். இதற்குச் செலவில்லை, மேலிடத்து ஆணை வேண்டுவதில்லை, சில மணித்துளிகள் போதும். இவ்வளவு எளிய செயலைச் செய்யாது, பொறிக்குத் தமிழ் தெரியாதென்று கூறுவது பொறியின்மேல் போடும் பழி.

எண்ணத் தெரியாத பொறி

தமிழாசிரியர் பொறியைக் கற்றுக்கொள்ள வேண்டும் என்பது ஒருபுறம். பொறிக்குத் தமிழ் கற்பிக்கவேண்டிய கடனும் அவர்க்கு உண்டு என்பது மறுபுறம். ஓர் எடுத்துக்காட்டு இதனை விளக்கும்.

சொல் விளையாட்டு ஒன்றைப் பயிற்சி ஆசிரியை பலகையில் அமைக்கிறாள். ‘தமிழ்’ என்னும் சொல்லில் எத்தனை எழுத்து என்பது வினா. பிள்ளைகள் மூன்று என்கின்றனர். பொறியோ ஐந்து என்று கூறி, மூன்று என்னும் விடைக்குத் தவறு என்று சிவப்புக் குறி இடக்கூடும். கரணியம் இதுதான். 1991ஆம் ஆண்டு வெளிவந்த ஒருங்குறியின் முதற்பதிப்பிலேயே தமிழுக்கு இடம் தரப்பெற்றது. ஆயின் அதில் ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனிக்குறி இல்லை. த என்பது ஒரு குறி. ம என்பது ஒரு குறி. இகரக் கொக்கி ஒரு குறி. ழ ஒரு குறி. புள்ளி ஒரு குறி. எழுத்தறியாத நிரல் குறிகளை எண்ணி ஐந்து என்கிறது. ‘கொக்கு’ என்பதில் மூன்று எழுத்திருக்க ஆறு என்கிறது.

மாலைமாற்று விளையாட்டில் இன்னும் பெரிய குழப்பம். ‘தேரு வருதே’ என்பதை எழுத்தெழுத்தாகத் திருப்பினாலும் அதுவே வரும். பிள்ளைகள் மகிழ்ந்து கைகொட்டும் சொற்றொடர் அது. குறிகளைத் திருப்பும் பொறியில் ஏகாரக் கொம்பு வேறோர் எழுத்தின்மேல் ஏறிக்கொள்ள, பொருளற்ற கிறுக்கல் தோன்றும்.

இதற்காகக் கணினியையே வெறுத்தல் பேதைமை. தமிழெழுத்தின் அமைப்பை அறிந்தவர் நிரல் எழுதினால் இப்பிழை நேராது. 2010ஆம் ஆண்டு தமிழ்நாட்டரசு ஒருங்குறியோடு, ஒவ்வோர் எழுத்துக்கும் தனிக்குறி தரும் அனைத்தெழுத்துக் குறிமுறையையும் தரமாக ஏற்றதற்கும் இத்தகைய சிக்கல்களே பின்னணி. ஆயினும் வகுப்பறையில் பொறி ஐந்து என்று கூறும் அந்த நொடியில் என்ன நிகழ்கிறது என்பதே பெரிது. ஆசிரியை பொறிக்கு அஞ்சி அமைதி காத்தால், பிள்ளை தன் விடையைத் தவறென்று நம்பிவிடும். “பொறி பிழை செய்தது; பிள்ளைகள் கூறியதே சரி; எப்படி என்று பார்ப்போம்” என்று அவள் உரைத்தால், அன்று கற்ற எழுத்திலக்கணம் அப்பிள்ளைகளுக்கு என்றும் மறவாது. பொறியைத் திருத்தலாம் என்னும் துணிவும் அவர்களுள் முளைக்கும். அவர்களுள் ஒருவரே நாளை நல்ல தமிழ் நிரலை எழுதக்கூடும்.

தமிழ்ப் பாடத்தில் தொடுபலகை

தமிழ்ப் பாடத்திற்கு இக்கருவி உண்மையில் உதவும் இடங்கள் எவை?

முதலாவது புணர்ச்சி. ‘வாழை’, ‘இலை’ என்னும் இரு சொற்களைத் தனித்தனியே பலகையில் இடுக. பிள்ளை ஒன்றை விரலால் நகர்த்தி மற்றொன்றன் அருகே சேர்க்கட்டும். இடையில் யகர உடம்படுமெய் வந்து ‘வாழையிலை’ ஆகட்டும். ‘பூ’வும் ‘இதழு’ம் சேர வகரம் வந்து ‘பூவிதழ்’ ஆகட்டும். ‘மர’த்தின் ஈற்று மகரம் கெட்டு ‘மரவேர்’ ஆகட்டும். தோன்றலும் கெடுதலும் கண்முன் நிகழும்போது, நூற்பா ஒப்பிக்கத் திணறும் பிள்ளைக்கும் பொருள் விளங்கும். நூற்பாவை அதன்பின் கற்பித்தால் அது உள்ளத்தில் நிலைக்கும்.

இரண்டாவது ஒலிப்பு. ல, ள, ழ ஒலிகளைப் பிள்ளை தன் குரலில் பதிந்து, தானே கேட்டு, நல்ல ஒலிப்போடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். நூறு முறை கேட்டாலும் பொறி சலிப்பதில்லை. ஆயினும் நாவின் நுனி எங்கே வளைகிறது, அண்ணத்தில் எங்கே படுகிறது என்பதைப் பிள்ளை ஆசிரியையின் வாயைப் பார்த்தே அறியும். தொல்காப்பியம் பிறப்பியலில் எழுத்துகளின் பிறப்பிடத்தை உறுப்பு உறுப்பாக வகுத்துரைத்தது. அவ்வறிவு ஆசிரியையிடம் இல்லையேல் ஒலிப்பதிவு பயன்தராது.

மூன்றாவது திணை. தமிழ்நாட்டு நிலப்படத்தில் மலையையும் காட்டையும் வயலையும் கடலையும் குறித்து, கருப்பொருள்களை அதனதன் திணையில் சேர்க்கச் செய்யலாம். இங்கு ஓர் எச்சரிக்கை தேவை. மயிலின் படத்தை ஒரு பிள்ளை மருதத்தில் கொண்டுபோய் வைக்கிறது. குறிஞ்சிக்குரிய பறவை மயில் என்பதால் பொறி ‘தவறு’ என்று கூறி ஒலியெழுப்புகிறது. பிள்ளையோ, “எங்கள் வயலில் நாள்தோறும் மயில் மேய்கிறதே” என்கிறது. பிள்ளை கூறுவது பொய்யன்று. இன்று தமிழ்நாட்டுச் சமவெளி வயல்களில் மயில் இறங்கி மேய்வதை எல்லாரும் காண்கின்றனர். பொறிக்குத் தெரிந்தது ஒற்றை விடை. மயில் ஏன் சமவெளிக்கு வந்தது, முன்னோர் வகுத்த திணைமுறை எதனை அடிப்படையாகக் கொண்டது, ஒரு நிலத்தின் பொருள் இன்னொரு நிலத்தில் மயங்கி வருவதைப் பழந்தமிழர் எவ்வாறு ஏற்றனர் என்று பேசத் தெரிந்தவர் ஆசிரியர். அப்பேச்சுக்கு இடங்கொடாமல் அடுத்த வினாவுக்கு ஓடிவிட்டால், பிள்ளை தன் கண்ணால் கண்டதை நம்பாது பொறி சொன்னதை நம்பப் பழகும். கல்வியில் இதனினும் பெரிய கேடு இல்லை.

ஆங்கிலத்திலிருந்து பெயர்த்த பாடப்படங்களிலும் இக்கேடு ஒளிந்திருக்கிறது. மழை என்றால் பனி விழும் தெருவும், மரம் என்றால் ஊசியிலை மரமும், பழம் என்றால் ஆப்பிளும் அவற்றில் வருகின்றன. பிள்ளை பனையையும் புளியையும் நாவலையும் பார்த்து வளர்கிறது. அவற்றின் படங்களைப் பயிற்சி ஆசிரியரே தம் ஊரில் எடுத்துப் பாடத்தில் சேர்க்கலாம். ஊர்க் குளம், ஊர்க் கோட்டம், ஊர்க் கல்வெட்டு, ஊர்ப் பெரியவரின் குரல் ஆகியன பலகையில் ஏறும்போது, அப்பலகை அவ்வூருடையதாகும்.

கலைச்சொல் என்னும் கடன்

1916ஆம் ஆண்டு மறைமலையடிகள் தனித்தமிழ் இயக்கத்தைத் தொடங்கினார். 1974ஆம் ஆண்டு மொழிஞாயிறு பாவாணர் செந்தமிழ்ச் சொற்பிறப்பியல் அகரமுதலித் திட்டத்தின் இயக்குநராகப் பொறுப்பேற்றார். அவ்வியக்ககம் இன்று ‘சொற்குவை’ என்னும் இணையத் தொகுப்பில் கலைச்சொற்களைத் திரட்டித் தருகிறது. கணினி, இணையம், மின்னஞ்சல், செயலி, கடவுச்சொல் ஆகிய சொற்கள் இன்று நாளிதழ் படிக்கும் எவர்க்கும் விளங்குகின்றன. சொல் புழங்கினால் வாழும். அகரமுதலியில் உறங்கினால் மாயும். சொல்லைப் புழக்கத்தில் விடும் ஆற்றல் வகுப்பறைக்கு இருப்பதுபோல் வேறெதற்கும் இல்லை. ‘கிளிக் பண்ணு, டிராக் பண்ணு’ என்று ஆசிரியை நாளுக்கு இருபது முறை கூறினால் பிள்ளை அதனையே கற்கும். ‘சொடுக்கு, இழு’ என்று கூறினால் அதனைக் கற்கும். பிள்ளைக்கு இரண்டும் ஒன்றே. தேர்ந்தெடுப்பவர் ஆசிரியர்.

கருவி எட்டாத பிள்ளை

2020ஆம் ஆண்டு மார்ச்சுத் திங்களில் பெருந்தொற்றால் பள்ளிகள் மூடப்பட்டபோது உண்மையொன்று வெளிப்பட்டது. திறன்பேசி உள்ள வீட்டுப் பிள்ளை படித்தது; இல்லாத வீட்டுப் பிள்ளை படிப்பை விட்டு விலகிப்போனது. கல்வித் தொலைக்காட்சி இயன்றதைச் செய்தது. ஆயினும் 2021ஆம் ஆண்டு இறுதியில் ‘இல்லம் தேடிக் கல்வி’ என்னும் திட்டத்தின்வழித் தன்னார்வலர்கள் தெருத்தெருவாகச் சென்று பிள்ளைகளை அமர்த்திக் கற்பிக்க வேண்டியிருந்தது. கருவி விட்ட இடைவெளியை மாந்தரே நிரப்பினர். எனவே மின்தடை வந்தாலும், பலகை பழுதுற்றாலும், இணையம் அறுந்தாலும் பாடம் நிற்காத வண்ணம் ஆயத்தமாக வருபவரே நல்ல ஆசிரியர். தொடுபலகைக்கு எழுதும் பாடக்குறிப்போடு, அதே பாடத்தைச் சுண்ணக்கட்டியாலும் சொல்லாலும் நடத்தும் குறிப்பும் அவர் கையில் இருத்தல் வேண்டும்.

செய்யத் தக்கன

பயிற்சி ஆசிரியர்கள் உறுதி கொள்ளத் தக்கன ஐந்து.

ஒன்று: பள்ளிக்குச் செல்லும் முதல் வாரத்திலேயே தொடுபலகையின் கட்டளை மொழியைத் தமிழுக்கு மாற்றுதல்.

இரண்டு: தமிழ்99 விசைப்பலகையில் பழகுதல், ஆங்கில எழுத்துவழித் தமிழ் எழுதுவதை வகுப்பறையில் அறவே விடுதல்.

மூன்று: ஒவ்வொரு பாடவேளையிலும் பிள்ளைகளே பலகையைத் தொடச் செய்தல், பெண்பிள்ளைகளும் கடைசி வரிசைப் பிள்ளைகளும் விடுபடாது பார்த்துக்கொள்ளுதல்.

நான்கு: திங்களுக்கு ஒரு பாடத்தையேனும் தம் ஊர்ப் படங்களாலும் ஒலிகளாலும் தாமே உருவாக்கி, பிற ஆசிரியர்களோடு பகிர்ந்துகொள்ளுதல்.

ஐந்து: பொறி தரும் தீர்ப்பைப் பிள்ளைகள்முன் ஆராய்தல்; பிழையாயின் பிழையென்று கூறும் துணிவு கொள்ளுதல்; அப்பிழையைச் செயலி உருவாக்கியோர்க்கு எழுதித் தெரிவித்தல்.

‘மணற்கேணி’ என்னும் செயலியின் பெயர் திருக்குறளின் 396ஆம் குறளில் உள்ள சொல். மணலில் தோண்டுந்தோறும் நீர் ஊறுவதுபோலக் கற்குந்தோறும் அறிவு ஊறும் என்பது அக்குறளின் கருத்து. நீர் ஊறுவதற்கு ஒருவர் தோண்டியாக வேண்டும். கேணியைச் சுவரில் மாட்டிவிட்டதனால் மட்டும் நீர் வந்துவிடாது. தோண்டக் கற்பிப்பவர் ஆசிரியர், தோண்டுவது பிள்ளை, ஊறுவது தமிழறிவு. வந்த கருவியைத் தமிழாக்கி, அதனைத் தமிழ்ப் பிள்ளைகள் அனைவர் கைக்கும் எட்டச் செய்வதே இத்தலைமுறை ஆசிரியர்முன் நிற்கும் பணி. அதனைச் செய்து முடிக்க எழுக!

கல்வி தமிழில் தழைக்க! கருவி தமிழில் இயங்குக!
வாழ்க தமிழ்! வெல்க தமிழ்!